எழுபத்திரண்டாவது மணி

பதினொன்றரைக்குக் கிரைண்டரைப் போட்டது தப்பு, பத்து மணிக்கே போட்டிருக்க வேண்டும், உளுந்து போதும் போதும் என்று ஊறிக் கிடந்தது. ஆனால் பத்துக்கே போட்டிருந்தால் இந்நேரம் முடிந்து கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் மனசு கண்ட இடத்துக்குப் போகும், அதனால்தான் வேண்டுமென்றே தள்ளிப் போட்டோமோ என்று அடைக்கலமேரிக்குத் தோன்றியது. கல் சுற்றியது. மாவு கல்லின் விலாவில் ஏறி, வழிந்து, மறுபடி ஏறியது. ஈரக் கையோடு ஜெபமாலையைத் தொடக்கூடாது என்று விரல் கணுவில் எண்ணிக்கொண்டிருந்தாள், சுண்டுவிரலில் தொடங்கி ஒரு விரலுக்கு மூன்று கணு, மூன்று விரல் தாண்டி ஆள்காட்டி விரலில் ஒன்று, பத்து. வியாழக்கிழமை, ஒளியின் தேவ இரகசியம். மூன்றாவதா, நான்காவதா? ஜன்னலைப் பார்த்ததில் விட்டுப் போய்விட்டது. ஜன்னல் கம்பிக்கு நேரே, ரயில் லைனுக்கு அந்தப்புறம், இரும்பாலையின் மூன்று புகைபோக்கிகள். நடுவில் நிற்கும் பெரியதிலிருந்து, பஞ்சு மூட்டையைப் பிரித்துவிட்ட மாதிரி, வெள்ளையாகப் புகை போய்க்கொண்டிருந்தது. போகட்டும், இன்னும் அரை மணி நேரம். பன்னிரண்டு அடித்தால் பாப்பாவுக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்துவிடும். பன்னிரண்டு அடித்தால் அந்தப் புகையும் நின்றுவிடும். பாப்பாவுக்கு வயது முப்பத்தொன்று, ஞானஸ்நானப் பெயர் ஜெசிந்தா, ஆலைக்குள் போனால் மேடம், இருந்தாலும் வீட்டில் அவள் பாப்பாதான். திங்கட்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு அவளுடைய கோபுரத்தை ஓட விட்டார்கள். மூன்று நாள், ஒரு நிமிஷமும் நிற்காமல், புகையில் இருக்கும் கரிவாயுவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைப் பிடித்துக் காட்ட வேண்டும். நடுவில் ஒருமுறை நின்றாலும் தோற்றது தோற்றதுதான். ஏற்கெனவே இரண்டு முறை நின்றுவிட்டது. நான்காவது தடவை என்று ஒன்று கிடையாது, இதுவும் நின்றால் கழற்றி எடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் மாற்றிவிடுவோம் என்று தலைமை ஆபீஸிலிருந்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆறு வருஷம். ஒரு பிள்ளையைப் பெற்று ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற காலம். அந்தக் கணக்கை நினைக்கக் கூடாது என்றுதானே கிரைண்டரைப் போட்டது. மங்கள வார்த்தை ஜெபம், சுண்டுவிரலில் ஒன்று, இரண்டு.

கல் சத்தம் மாறியது, தண்ணீர் கேட்கிறது, உள்ளங்கையில் அள்ளித் தெளித்தாள். புகை பார்க்கத் தெரியாதவள் இல்லை அடைக்கலமேரி. இந்தப் பகுதியில் எந்தப் பொம்பளையும் துணி காயப்போடுவதற்கு முன்னால் மேகத்தைப் பார்க்க மாட்டாள், புகையைப் பார்ப்பாள். மஞ்சள் கலந்து பழுப்பாக வந்தால் வெள்ளை வேட்டி வெளியே போகாது. கறுப்பு வந்து காற்றும் கிழக்கே அடித்தால் வடகத்தை வாரிக்கொண்டு உள்ளே ஓட வேண்டும். அவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்த முதல் மாசம் அவளுக்கு இது தெரியாது, மாமியார் சேலையைக் காயப்போட்டு, எடுக்கும்போது ஆற்றுமணலை அள்ளித் தேய்த்த மாதிரி நறநற என்று இருந்தது, மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, அந்தச் சேலையையே கட்டிக்கொண்டு பூசைக்குப் போனாள், அதுதான் திட்டு. அப்புறம் கற்றுக்கொண்டாள். பெரியவன் சவேரிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு இன்னும் நன்றாகக் கற்றுக்கொண்டாள். புகை குனிகிற பக்கத்து ஜன்னலைச் சாத்தி, இந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்து, ஈரத் துண்டைக் கம்பியில் கட்டி, பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே பூனைக்குட்டி முனகுகிற மாதிரி அந்தச் சத்தம். அப்போதெல்லாம் புகைபோக்கியைப் பார்த்து, நீ ஒரு நாளைக்கு நிற்க மாட்டாயா என்று கேட்டிருக்கிறாள், வாய்விட்டே கேட்டிருக்கிறாள், கேட்டவுடனே நாக்கைக் கடித்திருக்கிறாள். அது நின்றால் அடுப்பும் அல்லவா நிற்கும். அவர் சூசைமாணிக்கம், ஊதுலையில் உருகின இரும்பைத் திறந்துவிடுகிற ஆளாக முப்பத்திரண்டு வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவர். முன்னங்கை இரண்டிலும் பொறி தெறித்த தழும்பு, அரிசியை இறைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக. புகை இருந்தால்தான் அவர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சபித்த வாயாலேயே அதற்காக வேண்டியும் இருக்கிறாள். மாதா இந்த இரண்டு வேண்டுதலையும் வைத்துக்கொண்டு என்ன செய்திருப்பாள் பாவம். என்ன செய்தாள் என்றால் ஒரு பொட்டைப் பிள்ளையைக் கொடுத்தாள், அடுப்பும் நிற்காமல் புகையும் போகாமல் பண்ணுகிறேன் என்று அது படித்துவிட்டு வந்து நிற்கிறது. இப்படி நினைக்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஏறுகிறது, கல்லின் விலாவில் மாவு ஏறுவது மாதிரி. ஏறக் கூடாது, வழித்துவிடு, வழித்துவிடு. கரண்டியால் வழித்துவிட்டாள்.

வழித்துவிட்டாலும் அது ஏறத்தான் செய்தது. நேற்றுச் சாயங்காலம், தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஏறியது. பதினான்கு வீட்டுப் பொம்பளைகள், எதிர்வீட்டுச் சகாயராணியின் முன்னறையில் பாய் விரித்து, விண்ணப்பம் சொல்லுங்கள் என்றதும் ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு மருமகள், எல்லாம் சொல்லி முடித்துத் தன் முறை வந்ததும், எங்க பாப்பா வேலை நல்லபடியா முடியணும் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் ஆலையைப் பாருங்கள், பெரிய புகைபோக்கியில் புகை நின்றுபோகும், என் மகள்தான் நிறுத்துகிறாள் என்று வந்துவிட்டது. வந்தது சரி, குரல் வேறு, ஞானோபதேசத்தில் முதல் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. அப்புறம் சகாயராணிதான், அக்கா, புகை நின்னா அப்புறம் எதைப் பாத்து நான் துணி காயப்போடுறது என்று கேட்டுச் சிரிக்க வைத்தாள். சிரிப்பில் கலந்து போயிற்று, ஆனால் யாரும் மறக்கவில்லை, காலையில் பால் வாங்கப் போனபோது மூன்று பேர் கேட்டார்கள், பன்னிரண்டுதானே, பன்னிரண்டுதானே. பாப்பா அப்படிச் சொல்லவே இல்லையோ? சொன்னாள். சாப்பிடும்போது சொன்னாள். மூன்று நாள் பக்கத்துக் குழாயில் கொஞ்சமாக எடுத்து ஓட்டிப் பார்ப்போம், அது தாக்குப் பிடித்துவிட்டதென்றால் அப்புறம் முழுசையும் எடுப்போம் என்றாள். முழுசையும் எடுத்தால் புகை ஏது? இன்னும் நிறையச் சொன்னாள், தட்டில் ரசத்தை ஓடவிட்டுக்கூடக் காட்டினாள், இவள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். எட்டாவதோடு நின்றவள், தலையாட்டுவது ஒன்று நன்றாக வரும். தலையான பாவங்கள் எத்தனை? ஏழு. அவை யாவன? முதலாவது அகங்காரம். முதலாவதாக வைத்திருக்கிறார்களே, ஏழாவதாக வைத்திருக்கக் கூடாதா. இவள் பேசின பேச்சுக்கு அந்தப் பிள்ளையின் கோபுரம் நின்றுபோனால்? அப்படிச் செய்கிறவரா ஆண்டவர், தாயின் வாய்க்கு மகளின் கையை முறிக்கிறவரா, இல்லை, அப்படிப்பட்டவர் இல்லை, இல்லை என்று தெரிந்தும் கை தன்னால் வாயைத் தொட்டது, உதட்டில் மாவு ஒட்டியது. எத்தனையாவது கணு? தெரியவில்லை. முதலிலிருந்து.

முதல் தடவை நின்றது நுரையால். ஒரு கோபுரத்துக்குள்ளே கீழேயிருந்து புகை ஏறுமாம், மேலேயிருந்து ஒரு மருந்துத் தண்ணீர் மழை மாதிரி விழுமாம், விழுகிற தண்ணீர் கரிவாயுவை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்குமாம். அந்தத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு மேலே பொங்கிவிட்டது. அன்றைக்குப் பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சோறு பொங்கினால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவோமே பாப்பா என்று இவள் பயந்து பயந்து சொன்னாள். அதுக்குன்னே ஒரு டிரம் வச்சிருக்கோம்மா, ஜாஸ்தி விட்டா தண்ணியே கெட்டுடும், எத்தனை சொட்டுங்கிறதுதான் தெரியல என்றாள் பாப்பா, சிரிக்காமல் சொன்னாள். சிரிக்காமல் சொன்னதுதான் இவளுக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு என்ன தெரியும் என்கிற முகம் அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் வந்தது கிடையாது. எத்தனை சொட்டு என்பதைக் கண்டுபிடிக்க எட்டு மாசம். இரண்டாம் தடவை ஐம்பத்தெட்டு மணி நேரம் ஓடி, வெளியே எங்கேயோ மின்னல் விழுந்து கரண்ட் போய் நின்றது. அதற்கு யாரைக் குறை சொல்வது. அந்த மருந்துத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு, கருவாட்டுச் சட்டியைக் கழுவாமல் வைத்த மாதிரி. தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில் பாப்பா அந்த வாசனையோடு வாசலில் ஏற, பாட்டுக் குழுவினர் உள்ளே உட்கார்ந்திருக்க, யாரோ மூக்கைச் சுருக்க, இவள் முந்திக்கொண்டு, ஒருசந்தி நோன்பு நாளில் எங்கள் வீட்டில் கருவாடு எதுவும் சமைக்கவில்லை, அது ஆலை வாசனை என்று விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சட்டைகளை இவளேதான் துவைக்கிறாள். வெந்நீரில் எலுமிச்சைத் தோல் போட்டு ஊறவைத்தாலும் போகாது. போகாமல் இருக்கட்டும் என்றும் இருக்கும். அவர் துணியில் முப்பத்திரண்டு வருஷம் இரும்புத் தூளை உதறினாள், அதைத் துவைக்கும்போது பயம் மட்டும்தான் இருந்தது. இதைத் துவைக்கும்போது, சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது, மாதாவின் முன்னால் சொல்லலாமா, மாதாவும் பிள்ளையின் துணியைத் துவைத்தவள்தானே, அவளுக்கு ஒருநாளாவது பெருமையாக இருந்திருக்காதா. கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சை ரசமாகிப்போன தண்ணீரைத் தொட்டு ருசி பார்த்த பந்திக்காரன் முகம் மாறினபோது, அந்த அம்மாவின் நெஞ்சில் என்ன ஏறியது? அதை எந்த ஞானோபதேசத்திலும் எழுதவில்லை.

மணி அடித்தது. கோயில் மணி, மத்தியானத் திரிகால ஜெபத்துக்கு, மூன்று மூன்றாக. அடைக்கலமேரி கண்ணை மூடிக்கொண்டாள், மூடியபடியே ஜெபத்தைச் சொன்னாள், கடைசி மணியின் ரீங்காரம் போகிறவரை காத்திருந்தாள், இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள், கிரைண்டர் கல் மட்டும் கடகட என்று, அப்புறம் திறந்தாள். புகை போய்க்கொண்டிருந்தது. கடிகாரம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மணியடிக்கிற கோயில் பிள்ளை அவசரக்காரன். ஒரு நிமிஷம் பார்த்தாள். குறைகிறதா? குறைகிற மாதிரி ஒரு கணம் தோன்றியது, காற்றுதான், மறுபடி வெள்ளையாய், தடியாய், முன்னைக்கும் கூடுதலாக, மூட்டை மூட்டையாக வந்தது. எதிர் மாடியில் சகாயராணி கையை நெற்றிக்குக் குடை பிடித்து ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்து மாடியிலும் யாரோ. அடைக்கலமேரி ஜன்னலைவிட்டு விலகிச் சுவரோடு நின்றாள். கோபுரம் நின்றுவிட்டது. எத்தனை மணிக்கு நின்றதோ, நேற்றே நின்றதோ, காலையிலோ, எழுபத்தொன்றாவது மணியிலோ. அந்தப் பிள்ளை இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ, செருப்போடு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. போன் செய்யவும் முடியாது, வாயு இருக்கிற இடமாம், போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாப்பா வந்தால் என்ன சொல்வது, சோறு போடட்டுமா என்று கேட்கலாம், எல்லாவற்றுக்கும் அதைத்தானே கேட்பாள், சவேரிக்கு மூச்சு இழுத்தபோதும் அதுதான், அவர் கையில் கட்டுப் போட்டு வந்தபோதும் அதுதான். என் வாயால் போயிற்று. பதினான்கு வீட்டில் சொன்னேன். ஆண்டவரே, பெருமை பேசினது நான், என் முழங்காலை எடுத்துக்கொள்ளும், என் கண்ணை எடுத்துக்கொள்ளும், ஆறு வருஷத்தை எடுக்காதிரும். விரல் கணுக்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன, எண்ணவே வரவில்லை, மாவு பொறுமையாக ஏறி வழிந்துகொண்டிருந்தது.

சூசைமாணிக்கம் அடுப்படிக்கு வந்தார். மாவு சூடாயிருக்கும், கல்லு சத்தத்துலயே தெரியுது என்று சுவிட்சை அணைத்தார். திடீரென்று வீடு பெரிதாகிவிட்டது. சுவரோடு நிற்கிறவளைப் பார்த்தார்.

"என்ன மேரி?"

"புகை நிக்கலீங்க."

அவர் குனிந்து ஜன்னல் வழியே பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி பார்த்தார். "அது எதுக்கு நிக்கணும்?"

இவள் சொன்னாள். கூட்டத்தில் சொன்னதையும் சொன்னாள், பதினான்கு வீட்டையும் சொன்னாள், சொல்லச் சொல்ல அவர் மீசை துடித்தது, சிரிப்பை அடக்குகிறார் என்பது கடைசியில்தான் தெரிந்தது. சிரிக்காமலே சொன்னார், நன்றாகத்தான் சொன்னார்.

"அது வெறும் தண்ணியாவி. இட்லிப் பானையில வருதே, அதுதான். தூசியையும் கரியையும் வடிகட்ட ஆரம்பிச்சு பத்து வருசமாச்சு, நீதான் இன்னும் அதைப் பாத்துத் துணி காயப்போடுற. பாப்பா பிடிக்கிற வாயுவுக்கு நெறமே கெடையாது. பிடிச்சாலும் இப்படித்தான் இருக்கும், பிடிக்கலைன்னாலும் இப்படித்தான் இருக்கும். அதுவும் இது பரீட்சைக்கு வச்சது. இதுல ஜெயிச்சா பெருசு கட்டுவாங்க, அதுக்கு இன்னும் வருசம் இருக்கு."

"அப்ப ஜெயிச்சாளா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னாத்தான் தெரியும்," என்றார். சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போகாமல் அங்கேயே நின்றார். தழும்புக் கையால் கிரைண்டர் மூடியைத் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார். ஓ, இவருக்கும் இருக்கிறதா. நாங்க முப்பது வருசமா இரும்பை எறக்கினோம், இவ காத்தை எறக்குறாளாம் என்று அன்பியத்து ஆம்பளைகளிடம் கிண்டல் பேசுகிற மனுஷன், பன்னிரண்டு அடித்தது என்றுதான் எழுந்து வந்திருக்கிறார்.

இப்போது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. நாற்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகின ஜன்னல், அதில் தெரிகிற எதற்கும் பாப்பாவுக்கும் சம்பந்தம் இல்லை. முதலில் வெட்கமாக இருந்தது, பதினான்கு வீடு. அப்புறம் வெட்கத்துக்குப் பின்னாலிருந்து வேறொன்று வந்தது, மெதுவாக, கல் நின்ற பிறகு மாவு தானாக அடங்குவது மாதிரி. ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் எழுந்து நின்று, கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும் படைத்தவரை நம்புகிறேன் என்று சொல்கிற வாய்தானே இது. நாற்பது வருஷம் சொல்லிவிட்டு, பெற்ற பிள்ளையின் விஷயத்தில் போய்ப் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. நிறமில்லாதது, வாசனையில்லாதது, இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாதது, ஆனால் இருக்கிறது, வெயிலைக் கூட்டுகிறது, மழையைத் தவற விடுகிறது என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். அதைப் போய் ஒருத்தி பிடிக்கிறாள். பிடித்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை, கைதட்டப் போவதில்லை, மாடியில் ஏறி நின்றாலும் தெரியப் போவதில்லை என்று தெரிந்தே ஆறு வருஷம் அதன் பின்னால் நின்றிருக்கிறாள். இவள்கூடப் பார்த்ததில்லை, ரசத்தில் காட்டினபோதுகூட. ஜெயித்தாளா தோற்றாளா, அது இன்னும் தெரியவில்லை, தெரியாமலேயே நெஞ்சில் அது ஏறியது, இந்தத் தடவை அடைக்கலமேரி அதை வழித்துவிடவில்லை.

போன் பன்னிரண்டு இருபத்திரண்டுக்கு வந்தது. அவர்தான் எடுத்தார், எடுத்துப் பேசாமல் இவளிடம் நீட்டினார். பின்னால் காற்றும் லாரிச் சத்தமும், ஆலை வாசலில் நின்று பேசுகிறாள்.

"அம்மா, எழுவத்திரெண்டும் ஆச்சும்மா. ஒருதடவைகூட நிக்கல. தொண்ணூத்தொண்ணு புள்ளி நாலு."

அடைக்கலமேரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சாப்பிட்டியா பாப்பா?" என்றாள்.

இன்னும் இல்லை என்றாள் பாப்பா, எல்லாரும் அழுகிறார்கள், வயசான ஆப்பரேட்டர்கூட அழுகிறார், நான் மட்டும்தான் அழவில்லை என்றாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுதாள். அப்பாவிடம் கொடு என்றாள். அவர் போனை வாங்கிக் காதில் வைத்து, உம் என்றார், உம் என்றார், நல்லதும்மா என்றார், அதற்குமேல் முடியாமல் பின்கதவைத் திறந்துகொண்டு கிணற்றடிப் பக்கம் போய்விட்டார்.

வாசல் கேட் கிறீச்சிட்டது. சகாயராணி, பின்னால் இன்னும் இரண்டு பேர். முகத்தில் ஒரு தயக்கம், துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பை ஓரமாக விடுவார்களே, அப்படி விட்டார்கள். அக்கா, நாங்க எல்லாரும் பாத்தோம், புகை அப்படியேதான் போவுது என்று மெதுவாகச் சொன்னாள், அடுத்த வாரம் நிக்கும்க்கா, நாங்க விடாம ஜெபிக்கிறோம் என்று அவளே ஆறுதலும் சொன்னாள்.

"அது நிக்காது ராணி," என்றாள் அடைக்கலமேரி. "நான் தப்பாச் சொல்லிட்டேன். எம் மக பிடிச்சது வேற. அதை நீயும் பாக்க முடியாது, நானும் பாக்க முடியாது."

பார்க்க முடியாததை எப்படிப் பிடிப்பார்கள் என்று சகாயராணி கேட்டாள். நியாயமான கேள்வி. அடைக்கலமேரி நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்காருங்கள் என்றாள், தான் உட்காரவில்லை. எங்கே தொடங்குவது என்று ஒரு கணம் திகைத்தாள், அப்புறம் பார்த்தால் எல்லாம் இருந்தது, தலையாட்டின ஒவ்வொரு ராத்திரிச் சாப்பாட்டிலும் ஒன்று ஒன்றாக உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. "ரெண்டு கோபுரம் இருக்கு," என்றாள். "மொத கோபுரத்துல புகை கீழயிருந்து ஏறும், மருந்துத் தண்ணி மேலயிருந்து எறங்கும். தண்ணி அந்த வாயுவை மட்டும் பிடிச்சுக்கும். ரெண்டாவது கோபுரத்துல தண்ணியைக் கொதிக்க வச்சா வாயு பிரிஞ்சு வந்துடும், தண்ணி திரும்ப மொத கோபுரத்துக்கே போயிடும், மறுபடி பிடிக்க." பிரிஞ்ச வாயுவை என்ன பண்ணுவாங்க என்றாள் பின்னால் வந்த ஒருத்தி. "கல்லாக்குவாங்க. இரும்பு உருகும்போது மேல கசடு மிதக்கும்ல, உங்க மாமா முப்பத்திரெண்டு வருசம் தள்ளிவிட்டாரே, அதை இடிச்சு, அதுக்குள்ள இந்த வாயுவை அடைச்சா இறுகிக் கல்லாயிடும். அப்புறம் அது எங்கயும் போகாது." கோபுரம் எவ்வளவு உயரம் என்று சகாயராணி கேட்டாள். அடைக்கலமேரி, மாவு காயாத இரண்டு கைகளையும், தலைக்கு மேலே, எட்டும் மட்டும் தூக்கிக் காட்டினாள்.